தார் என்றால் எனக்குத் தெரியும்

முதல் அறிகுறி எனக்கு ஒரு ரொட்டி சானாயில் (எங்கள் ஊர்ப் பரோட்டா) தெரிந்தது. மூன்று ரொட்டி தின்றுவிட்டு நாலாவதற்காகக் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் நான். அன்று காலை காப்பார் சாலை ஒட்டுக்கடையில் பாதி ரொட்டியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. மீதிப் பாதியை ஆறுமுகம் எடுத்துக்கொண்டான்.

“என்னண்ணே, டயட்டா? அண்ணி திட்டிட்டாங்களா?”

“இல்லடா. மதியம் அரண்மனையில விருந்து. இடம் வைக்கணும்ல.”

எண்பதுகளின் தொடக்கம் அது. கிள்ளான் பக்கத்துச் சாலைகளில் குழி அடைத்துத் தார் ஊற்றும் கூட்டத்துக்கு நான் மண்டோர், அதாவது மேஸ்திரி. எனக்குக் கீழே ஆறு பேர். ஆறுமுகம் தார் அண்டாவைப் பார்த்துக்கொள்பவன். வெயிலும் தார்ச் சூடும் சேர்ந்து எங்கள் எல்லாருக்கும் தலைவலி, இடுப்புவலி உண்டு. பத்து மணிக்குக் காப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) வரும். கூடவே ஒட்டுக்கடையில் தொங்கும் தலைவலிப் பொடியில் ஒரு பாக்கெட். காகிதத்தைப் பிரித்து நாக்கில் கொட்டி, ஒரு மடக்குக் காப்பி. பிறகு அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். புதுத் தாரில் குப்பை ஒட்டினால் எனக்குப் பிடிக்காது.

இந்தப் பொடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துபோனேன்.

பாதி ரொட்டி கால் ரொட்டி ஆனது. இடுப்புவாரில் இரண்டு புதுத் துளை போட்டேன். “இளைச்சு வாலிபனா ஆயிட்டீங்க” என்று ஆட்கள் சொன்னார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. நாற்பத்தாறு வயதில் வாலிபம் திரும்புகிறது என்றால் எவன் டாக்டரிடம் போவான்? என் மனைவி தனம்தான் இழுத்துக்கொண்டு போனாள். மாடிப்படி ஏறும்போது நான் நடுவில் நின்று மூச்சு வாங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

கிள்ளானில் எங்கள் கிளினிக் டாக்டர் வயதான சீனர். மலாயில்தான் பேசிக்கொள்வோம். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இரத்தம் குறைவு என்றார். பிறகு கேட்டார்:

“மலம் கறுப்பாகப் போகிறதா?”

“சில நாள் போகிறது.”

“தார் மாதிரியா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் அவர் யாரிடம் என்ன கேட்டுவிட்டார்! இருபத்திரண்டு வருஷம் தாரிலேயே நின்றவனிடம்.

“இல்லை டாக்டர். தார் என்றால் எனக்குத் தெரியும். தாருக்கு ஒரு மினுமினுப்பு உண்டு. சூட்டில் நூல் மாதிரி இழுக்கும், ஆறினால் கல் மாதிரி உடையும். இது அப்படி இல்லை. இது கீச்சாப்பு (சோயா சாஸ்).”

அவர் சிரித்துவிட்டார். ஒரு டாக்டரைச் சிரிக்க வைத்த பெருமையில் நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இரும்புச் சத்து மாத்திரையும் வயிற்று அமிலத்துக்கு ஒரு வெள்ளை மருந்தும் தந்தார். இரண்டு வாரத்தில் சரியாகவில்லையென்றால் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று கடிதமும் எழுதித் தந்தார். அந்தக் கடிதம் மூன்று மாதம் என் பர்ஸிலேயே இருந்தது.

டாக்டர்கள் தார் என்று சொல்வது வேறு. இரைப்பையில் கசியும் இரத்தம் வழியெல்லாம் செரித்துக் கறுத்து வெளியே வருவதற்கு மெலீனா (கறுப்பு மலம்) என்று பெயர். பிசுபிசுக்கிறதா, ஒட்டுகிறதா, வழக்கத்துக்கு மாறான நாற்றம் அடிக்கிறதா என்பதுதான் கேள்வி. மினுமினுப்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். மாத்திரையால்தான் கறுப்பு என்று நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: இரும்பின் கறுப்பு வேறு, இரத்தத்தின் கறுப்பு வேறு.

மூன்றாம் மாதம் சாலையோரத்தில் விழுந்தேன். தார் அண்டாவுக்கு இந்தப் பக்கம் விழுந்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோலாலம்பூரில் நாலு பை இரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார்கள். பயாப்சி (சதைத் துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் யோகநாதன் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சிரம்பானில் பிறந்த யாழ்ப்பாணத்துத் தமிழர். ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவே மாட்டார். அவரைச் சிரிக்க வைப்பதை என் சிகிச்சையின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டேன். அந்தப் பகுதி தோல்வி.

“இது லிம்போமா” என்றார். லிம்போமா (நிணநீர் அணுக்களில் கிளம்பும் புற்று) பொதுவாகக் கழுத்திலும் அக்குளிலும் கட்டியாக வரும் என்றும், சிலருக்கு இரைப்பையிலோ குடலிலோ வரும் என்றும் விளக்கினார். மருந்துக்குக் கரையக்கூடிய வகை. “அதுதான் நல்ல செய்தி. அதேதான் பயமும்.”

எனக்கு விளங்கவில்லை. தனம்தான் கேட்டாள். “கரைஞ்சா நல்லதுதானே டாக்டர்? அதுல என்ன பயம்?”

அவர் ஒரு தாளில் இரைப்பையின் சுவரை இரண்டு கோடாக வரைந்தார். நடுவில் ஒரு பெரிய உருண்டை. “கட்டி சுவரில ஒட்டிக்கொண்டு இருக்கேல்லை, அம்மா. சுவரைத் தின்றுபோட்டு, இப்ப அதுதான் சுவரா நிக்குது. மருந்து போட்டால் கட்டி கரையும். கரையிற இடத்தில புதுச் சதை வளர வேணும். அதுக்கு முந்திக் கரைஞ்சால் ஓட்டை. விளங்குதோ?”

எனக்கு அந்த நிமிஷமே விளங்கியது. அவர் வரைந்தது குழி. வருஷக்கணக்காக நான் அடைத்துக்கொண்டிருந்த அதே குழி. மேலே பழைய ஒட்டு நிற்கும், அடியில் கல் படுக்கை அரித்துப்போயிருக்கும். ஒட்டைச் சுரண்டினால் லாரிச் சக்கரம் உள்ளே போகும்.

“அப்ப முதல்ல வெட்டி எடுத்திடலாமே டாக்டர்?”

“பின்னால கணையத்தோட ஒட்டியிருக்கு. இப்ப வெட்ட ஏலாது. மருந்தால சுருங்க வைச்சுப் பிறகு பார்ப்பம்.”

யார் யாருக்கு இந்த ஆபத்து அதிகம் என்று அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. கட்டி சுவரின் முழுத் தடிப்பையும் பிடித்திருந்தால் ஆபத்து. அதில் ஆழமான புண் இருந்தால், ஏற்கனவே இரத்தம் கசிந்திருந்தால், இன்னும் கூடுதல். முதல் சில வாரங்களில் கட்டி வேகமாகக் கரைவதும் ஆபத்துதான். கீமோதெரபியோடு (புற்று அணுக்களைக் கொல்லும் ஊசி மருந்து) தரும் ஸ்டீராய்டு மாத்திரை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். அதைவிட மோசமாக, வலியை மறைக்கும். வயிறு உள்ளே கிழிந்தாலும் வெளியே லேசாக முணுமுணுக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் மனதுக்குள் விரல் மடக்கினேன். எல்லா விரலும் மடங்கியது. “பரீட்சையில இப்படி முழு மார்க் வாங்கினதே இல்ல டாக்டர்” என்றேன். தனம் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

கடைசியாகக் கேட்டார்: “வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களோ? வலி மாத்திரை, நாட்டு மருந்து, சீன மருந்து?”

“ஒண்ணும் இல்ல டாக்டர்.”

நான் பொய் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை பொடி மருந்தில்லை. அது காப்பியோடு சேர்ந்தது. பிஸ்கட் சாப்பிடுவாயா என்று டாக்டர் கேட்டால் சொல்வேன். பொடியைக் கேட்கவில்லை, சொல்லவில்லை.

சிகிச்சை நாட்களில் கிள்ளானிலிருந்து வந்துபோவது சிரமம். அதனால் பிரிக்பீல்ட்ஸில் தனத்தின் அண்ணன் ராஜு வீட்டில் தங்கினோம். ரயில்வேயில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒரு பழைய டட்சன் கார். என்னைவிட மூன்று வயது பெரியவர். கழிப்பறை பின்கட்டில் சமையலறைக்கு எதிரே இருந்தது. நடுவில் நாலடிச் சிமெண்டுத் தரை.

டாக்டர் தனத்திடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தார். தினமும் காலையில் நிறம் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. லேசான வயிற்றுவலி என்றாலும் அன்றைக்கே. காத்திருக்கக் கூடாது.

இருபது வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு முன்னால் இனி வெட்கம் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது. நான் உள்ளே விடவில்லை. பேரம் பேசி ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் பார்த்துச் சொல்வேன், அவள் கதவுக்கு வெளியே நிற்பாள்.

“என்ன கலருங்க?”

“செம்மண். நல்ல செம்மண். முதல் தரம்.”

“ஒழுங்கா சொல்லுங்க.”

“மேரு ரோட்டுச் செம்மண்ணு. மழைக்கு முந்தினது.”

மச்சான் முன்வாசலில் பேப்பரை மடித்துவைத்துவிட்டுச் சத்தம் போடுவார். “மாப்ளே, நான் காலைப் பசியாறல, லா! கொஞ்சம் மெதுவா சொல்லேன்.”

முதல் சுற்று நன்றாகவே போனது. ஒரு ஊசி நல்ல சிவப்பு. ஏறிய கொஞ்ச நேரத்தில் சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். முடி கொட்டியது. ஸ்டீராய்டு மட்டும் என்னை வேறு ஆளாக்கியது. பசி பிய்த்துக்கொண்டது. தூக்கம் போனது. வாய் ஓயவில்லை. ஏற்கனவே பேசுகிறவனுக்கு அந்த மாத்திரை என்றால் வீட்டில் மற்றவர்களின் கதியை நினைத்துப் பாருங்கள். மச்சான் இரட்டை ஷிஃப்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் சுற்றின் இரண்டாம் நாள் தாடை வலித்தது. ஒரு ஊசி நரம்பைத் தொடும், தாடையும் காலும் வலிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போன் செய்யுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அன்று மாலை ஆறுமுகம் பப்பாளியோடு வந்தான். தனம் கடைக்குப் போயிருந்தாள்.

அவன் என் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டே பப்பாளியைக் கீழே வைத்தான். பிறகு, “புது ரோடு மாதிரி இருக்குண்ணே” என்றான். நான் சிரித்தேன். சிரித்ததில் தாடை சுளீரென்றது.

“பொடி வச்சிருக்கியாடா?”

“இருக்குண்ணே. சாப்பிடலாமா நீங்க?”

“பொடிதானேடா. காப்பி போடு.”

அவன் மேல் தவறில்லை. கேட்டது நான். மச்சான் வீட்டு வாசல்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து, காகிதம் பிரித்து, நாக்கில் கொட்டி, காப்பி ஓ குடித்தோம். வேலைக்குப் போகாத அத்தனை வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் நான் நோயாளியாக இல்லை. தாடை வலியும் அடங்கியது. போகும்போது இன்னும் மூன்று பாக்கெட்டைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டுப் போனான். மறுநாள் ஒன்று சாப்பிட்டேன்.

அதற்கும் மறுநாள் காலை, கழிப்பறைக்குள் நான் கீழே குனிந்து பார்த்தபோது அங்கே கிடந்தது தார்.

வேறு சொல் இல்லை. கறுப்பு, பிசுபிசுப்பு, நான் டாக்டரிடம் பெருமையாகச் சொன்ன அதே மினுமினுப்பு. என் வாயால் சொன்ன இலக்கணம் அத்தனையும் அதில் இருந்தது. நாற்றம் மட்டும் தாருடையதில்லை. மேல் வயிற்றில் ஏதோ ஒன்று மெல்ல அழுத்தியது. வலி என்று சொல்லக்கூட முடியாது. ஜீரணம் ஆகாத மாதிரி.

அங்கேயே நின்றேன். இப்போது கறுப்பு என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் பொடி. பொடி என்றால் தனத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். படுக்கையில் கிடந்த என் அம்மாவுக்குச் செய்ததையெல்லாம் எனக்கும் செய்துகொண்டிருந்தவள். கஞ்சியை வடிகட்டி, மிளகாயை ஒளித்துவைத்து, மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகுதான் கையில் தந்து, ஒரு பெண் இத்தனை கவனமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, நான் வாசல்படியில் உட்கார்ந்து என் வயிற்றைக் கரைத்திருக்கிறேன். உயிரைவிட அந்த வெட்கம் பெரிதாகத் தெரிந்தது. சிரிக்காதீர்கள். அந்தச் சிறிய அறையில் அப்படித்தான் தெரிந்தது.

சங்கிலியை இழுத்தேன். தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோனது.

வெளியிலிருந்து அவள் நிறம் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். “செம்மண்ணு. முதல் தரம். கவர்மெண்டு முத்திரை குத்தலாம்.”

கதவைத் திறந்தேன். தனம் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். கையில் ஆஸ்பத்திரிப் பை, கட்டி வைத்த பை. முன்வாசலில் டட்சன் உறுமிக்கொண்டிருந்தது.

“கெளம்புங்க” என்றாள்.

“எங்க? நான்தான் சொன்னேனே, செம்...”

“கெளம்புங்க.”

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அதிக தூரம் இல்லை. நடுவில் ஒரு தடவை மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ரோடு நல்லாத்தான் போட்டிருக்கானுங்க” என்றேன். மச்சான் கியரை மாற்றினார்.

டாக்டர் யோகநாதன் வயிற்றைத் தொட்டார்.

“நோகுதோ?”

“கொஞ்சம்.”

“உங்கட கொஞ்சத்தை நான் நம்ப மாட்டன். ஸ்டீராய்டு பொய் சொல்லும்.”

“நானும்தான் டாக்டர்” என்றேன். முதல் தடவையாக அது ஜோக்காக வரவில்லை.

தனம் முன்னால் வந்து கையை விரித்தாள். உள்ளங்கையில் நாலாக மடித்த இரண்டு சிறு காகிதங்கள். துவைப்பதற்காக என் சட்டைப்பையைத் துழாவியபோது முந்தின நாள் இரவு கிடைத்தவை. அவளுக்கு அது என்ன என்று தெரியும். இருபது வருஷமாக என் சட்டையிலிருந்து எடுத்துப்போடுகிறவள். ஆனால் வேறு மருந்து உண்டா என்று டாக்டர் கேட்டபோது அவளுக்கும் இது தோன்றவில்லை. அதை அவள் பிறகு பல வருஷம் சொல்லிச் சொல்லி வருந்தினாள். இந்தத் தடவை காகிதத்தைக் கண்டதும் தோன்றியிருக்கிறது. விடிந்ததும் மேல்வீட்டு நர்ஸ் பெண்ணிடம் காட்டிக் கேட்டிருக்கிறாள். அதன் பிறகு என் வாய் சொல்லும் நிறத்தை நம்பாமல் பையைக் கட்டிவிட்டாள்.

டாக்டர் காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்தார். ஆஸ்பிரின். வலியை அடக்கும். கூடவே இரைப்பையின் உள்தோலை அரிக்கும், இரத்தம் உறைவதையும் தடுக்கும். கட்டி கரைந்துகொண்டிருக்கும் சுவரில், ஸ்டீராய்டு நாளில், அதுவும் இரண்டு தடவை.

“ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?”

“மருந்து சாப்பிடுறீங்களான்னுதானே கேட்டீங்க டாக்டர். இது பொடி.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நர்ஸிடம் எக்ஸ்ரே என்று மட்டும் சொன்னார். என்னை நிமிர்த்தி உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) அடியில் பிறை நிலா மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இரைப்பைக்குள் இருக்க வேண்டிய காற்று வெளியே வந்திருந்தது. ஓட்டை.

அறுவைக்குக் கையெழுத்துப் போட்டது தனம். தள்ளுவண்டியில் போகும்போது கூடவே நடந்து வந்தாள்.

“தனம், நான் சொன்னது செம்மண் இல்ல.”

“தெரியும்.”

“தார்.”

“தெரியும்ங்க. பேசாம போயிட்டு வாங்க.”

கட்டி சுருங்கியிருந்ததால் இப்போது வெட்ட முடிந்தது. இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கு போனது. பதினோரு நாள் மூக்கில் குழாய், பக்கவாட்டில் குழாய், கீழே குழாய். தலைநகரில் இத்தனை குழாய் ஒரே இடத்தில் போட்டிருப்பது என் உடம்பில்தான் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் வெளியே போய் அழுதார் என்று பிறகு தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் டெங்கில் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர். பழைய லாரி ஓட்டுநர். அவருக்கும் இதே நோய், குடலில். நான் போட்ட ரோட்டில் தன் லாரியின் ஸ்பிரிங் உடைந்ததாகக் குற்றம் சாட்டுவார். நான் அவர் லாரிதான் என் ரோட்டைக் கெடுத்தது என்பேன். அவர் ஒரு பொடி சாப்பிட்டதில்லை, ஒரு மாத்திரை தவறவிட்டதில்லை. மனைவி வடித்துக் கொண்டுவரும் கஞ்சியைத் தவிர எதையும் தொட்டதில்லை. ஒரு காலை என்னை எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தபோது அவர் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். அவர் குடலும் கிழிந்ததாம். அறுவை அறைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

இதை எழுதாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். ஒழுங்காக இருந்தால் பிழைப்பீர்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒழுங்காக இருந்தவர் போனார். ஏமாற்றியவன் இருக்கிறேன். அந்த விரிப்பின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த பிற்பகலில்தான் எனக்குள் ஏதோ மாறியது. என் உயிர் என் சாமர்த்தியத்தால் மிஞ்சவில்லை. ஒரு பெண் சட்டைப்பையைத் துழாவியதால் மிஞ்சியது. அந்த அளவு மெல்லிய கயிறு.

அதனால் அறிவுரை என்று எதுவும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். டாக்டர் கேட்காததையும் சொல்லுங்கள். காப்பியோடு போடுவது, வெற்றிலையோடு மெல்வது, இடுப்பில் தடவுவது, அக்கா கொடுத்த லேகியம், விரதத்துக்கு விட்ட வேளைச் சாப்பாடு, எல்லாம். மருந்து என்று நீங்கள் நினைக்காததையெல்லாம் முதலில் சொல்லுங்கள். அப்புறம், டாக்டரைச் சிரிக்க வைக்கப் பார்க்காதீர்கள். எனக்குக் கஷ்டமான வேண்டுகோள் இது.

புண் ஆறிய பிறகு மிச்சச் சுற்றுகளையும் முடித்தேன். கடைசிச் சுற்றுக்குப் போன அன்று டாக்டர் யோகநாதன் அறைக்கு வெளியே காத்திருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே புதிதாக வந்த ஒரு தோட்டத்து ஆள். டாக்டரின் குரல் கேட்டது. “வேற மருந்து பாவிக்கிறீங்களோ?” “இல்லீங்க.” பேனா மூடியைத் திருகும் சத்தம். பிறகு, “காப்பியோட என்ன போடுறனீங்கள்?”

தனம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இப்போது தொண்ணூறுகள். குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். ரோடு போட்ட அன்றைக்கே நல்ல ரோடு என்று எந்த மண்டோரும் சொல்லமாட்டான். மழைக்காலம் போகட்டும் என்பான். எனக்குப் பல மழைக்காலம் போயிருக்கிறது. ஒவ்வொன்றும் போகும்போது அடுத்ததைத்தான் பார்க்கிறேன்.

நாலு ரொட்டி தின்றவன் இன்று கைப்பிடிச் சோறாக ஆறு வேளை சாப்பிடுகிறேன். கொஞ்சம் வேகமாகச் சாப்பிட்டால் வியர்த்துத் தலை சுற்றும். சாப்பாடு தங்க இடமில்லாமல் குடலுக்கு ஓடிவிடுகிறது. முன்பெல்லாம் காலை, மதியம், மாலை என்று ஒரு நாள் இருந்தது. இப்போது ஒரு கைப்பிடிக்கும் அடுத்த கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சிறு நாள் இருக்கிறது. ஒரு நாளில் ஆறு நாள் வாழ்கிறேன் என்று ஆறுமுகத்திடம் கணக்குச் சொன்னேன். “அப்ப சீக்கிரம் பென்ஷன் எடுத்துருவீங்கண்ணே” என்றான். அவன் பொடியை விட்டுவிட்டான். நான் விடச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு அவன் கை அதன்மேல் போகவில்லை.

கிள்ளானில் எங்கள் வீட்டில் கழிப்பறையும் சமையலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். காலையில் உள்ளே போனால் சுவருக்கு அந்தப் பக்கம் தனம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும், குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். கதவுக்கு வெளியே நின்று நிறம் கேட்பதை அவள் விட்டுப் பல வருஷம் ஆகிறது. கேட்கச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

ஆனால் நான் எழுந்து குனியும் நேரம் பார்த்து அந்தக் குழாய் நின்றுவிடும். எப்படித் தெரிகிறதோ. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். நான் பார்ப்பேன், நன்றாகப் பார்ப்பேன். மண் ரகம், ரோட்டுப் பெயர், முத்திரை எதுவும் இப்போது சொல்வதில்லை.

“நல்லாருக்கு” என்பேன்.

பிறகுதான் சங்கிலியை இழுப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மறுபடி ஓடத் தொடங்கும்.